தகரப் பெட்டியில் ஐந்து மெடல்கள்: எது என்ன, யாருடையது, என்ன விலை போகும்?

உங்கள் கேள்வி இதுதான்: தாத்தா வேலூர்ப் பக்கத்துக்காரர். 1941 நடுவில் பெங்களூர் போய் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பட்டாளத்தில் சேர்ந்தார், பர்மா சண்டைக்குப் போனார், 1948-இல் ஊர் திரும்பினார் என்று வீட்டில் சொல்வார்கள். பரணில் கிடந்த தகரப் பெட்டியில் நட்சத்திர வடிவில் இரண்டு, வட்டமாக மூன்று என ஐந்து மெடல்கள் இருந்தன. கூடவே யானை போட்ட பித்தளைச் சின்னம், ஓரம் செல்லரித்த டிஸ்சார்ஜ் புத்தகம், சீருடையில் ஒரு குரூப் போட்டோ. பழம்பொருள் வாங்குகிறவர் மொத்தத்துக்கும் 3,000 ரூபாய் தருகிறேன் என்கிறார், கொடுத்துவிடலாமா? நீங்கள் விலையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன: இவை என்ன, இவை உண்மையிலேயே உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தவைதானா? இரண்டாவதற்குப் பதில் கிடைக்காமல் யாரும் நேர்மையாக விலை சொல்ல முடியாது. அந்தப் பதில் வட்ட மெடல்களின் விளிம்பிலும் நட்சத்திரங்களின் முதுகிலும் இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் படங்களில் அந்த இரண்டு இடமும் தெரியவில்லை.

படங்களில் தெரிவதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருநீலம், சிவப்பு, இளநீலம் என மூன்று சம பட்டைகள் உள்ள ரிப்பனில் தொங்குவது 1939–45 ஸ்டார். அந்த மூன்று நிறங்களும் கடற்படை, தரைப்படை, விமானப்படை. கருநீல ரிப்பனின் நடுவே அகலச் சிவப்பும் இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடும் உள்ளது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. வட்ட மெடல்களில், இரண்டு தலை டிராகன் மேல் சிங்கம் நிற்பது வார் மெடல் 1939–45. இந்திய வரைபடம் போட்டது இந்தியா சர்வீஸ் மெடல். அசோகர் சிங்கத் தலையும் 15 ஆகஸ்ட் 1947 என்ற தேதியும் காவி, வெள்ளை, பச்சை ரிப்பனும் உள்ளது இந்திய சுதந்திர மெடல். ஐந்தில் ஒன்றுகூட வெள்ளி இல்லை. நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகம், வட்டமானவை செம்பு-நிக்கல் கலவை. நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்க்கக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு கீறல் மெடலின் விலையைக் குறைக்கும், உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லாது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடலாக இருந்திருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் சுமார் ஓர் அவுன்ஸ் வெள்ளி, வெள்ளி விலைக்காகவே எத்தனையோ உருக்கப்பட்டுவிட்டன.

இப்போது எழுத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் மெடல்களைப் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. இந்தியப் படையினருக்கு மட்டும் (தென்னாப்பிரிக்கர், ஆஸ்திரேலியருக்கும்) பெயர் பொறித்துக் கொடுக்கப்பட்டது. நட்சத்திரத்தின் பின்பக்கத்திலும் வட்ட மெடலின் விளிம்பிலும் சேவை எண், பதவி, முதலெழுத்து, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அச்சுக் கட்டையால் குத்தப்பட்டிருக்கும். உங்கள் தாத்தாவுக்கு இது பெரிய அதிர்ஷ்டம். ஒரு ஆங்கிலேய சிப்பாயின் பேரனுக்கு இல்லாத சான்று உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத இடத்தில் எழுத்து நிழலோடு எழுந்து வரும். மெடலைத் துணியின் மேல் வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டே ஆறேழு படம் எடுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்தைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாப்பர், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார் எல்லாம் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாக இருக்கும். பிரிவின் பெயர் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம், இந்தியன் எஞ்சினியர்ஸ் என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம். இரண்டாவது வந்தால் "இது வேறு பட்டாளம்" என்று தள்ளிவிடாதீர்கள். பெயர்தான் பெரிய தலைவலி. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆறுமுகம், முனுசாமி போன்ற பெயர்களைச் சேர்க்கும் அன்று எழுதிய கிளார்க்கின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். ஒரே பெயர் ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருக்கும், ஒரே பெயரில் நூறு பேரும் இருப்பார்கள். ஆகையால் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால் கவலைப்படாதீர்கள், எண் மாறியிருந்தால் கவலைப்படுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள சேவை எண்ணும் ஐந்து மெடல்களில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் இவை தாத்தாவுடையவை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஏதாவது ஒன்றில் எழுத்தே இல்லையென்றால்? அதனால் மட்டும் அது போலி ஆகாது. தொலைந்துபோன மெடலுக்குப் பதிலாக, விழாவுக்குப் போட்டுக்கொள்ளக் கடையில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்ட பழைய பட்டாளத்துக்காரர்கள் நிறைய. அது அவர் அணிந்த மெடல்தான், அவருக்கு வழங்கப்பட்ட மெடல் அல்ல. குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல, வாங்குகிறவருக்குப் பெரிது. இன்னொன்றையும் பாருங்கள்: சில மெடல்களில் விளிம்பில் பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் குத்தியிருப்பார்கள். வட்ட மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வைத்து நாலைந்து இடத்தில் அளந்தால், அராவிய மெடல் எழுத்து இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் குறைந்து காட்டும். எழுத்தைச் சுற்றி நுண்ணிய அரம் ஓடிய கோடுகளும் தெரியும்.

நட்சத்திரங்களில் வார்ப்புப் போலிகள் அதிகம். அசல், அச்சில் அடித்தது. மேல் வளையத்திலிருந்து கீழ் முனை வரை 50 மில்லிமீட்டர், அகலம் 38 மில்லிமீட்டர். நடுவில் உள்ள அரசரின் முத்திரையெழுத்தும் கிரீடத்து மணிகளும் கூர்மையாக, தனித்தனியாகத் தெரிய வேண்டும். வார்ப்பில் அவை சோப்புக்கட்டி கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் இருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அளவும் ஒரு மில்லிமீட்டர் போலக் குறையும், ஏனென்றால் அசலிலிருந்து அச்சு எடுத்து ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. ரிப்பனைப் பொறுத்தவரை, ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டினால் பிற்காலத்து இழைகள் பளீரென வெண்ணீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் ரிப்பன் பிற்காலத்தது என்று பொருள், மெடல் போலி என்று பொருளல்ல. ரிப்பன் நைந்தால் மாற்றுவது வழக்கம்தான். ஆனால் வார் மெடலின் ரிப்பனை மட்டும் லென்ஸில் நன்றாகப் பாருங்கள். அதில் சிறிய வெண்கல ஓக் இலை ஒன்றோ, இலை இருந்து விழுந்ததற்கான இரண்டு ஊசித் துளைகளோ இருந்தால், தாத்தாவின் பெயர் போர்முனை அறிக்கையில் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது என்பதற்கான தடயம் அது. அப்படியானால் மேற்கொண்டு அரசிதழில் தேட வேண்டும்.

வீட்டில் சொல்லும் கதையும் மெடல்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இந்த ஐந்துமே நல்ல சாட்சிகள். சுதந்திர மெடல் 1947 ஆகஸ்ட் 15 அன்று சேவையில் இருந்தவர்களுக்குரியது. தாத்தா 1948-இல் விலகினார் என்றால் பொருந்துகிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 1946 என்று இருந்தால் இந்த மெடல் அவருடையதாக இருக்க வழியில்லை. இந்தியா சர்வீஸ் மெடல் இன்னும் சுவாரசியமானது. அதற்குப் போர்முனை அல்லாத இடத்தில் 3 ஆண்டு சேவை வேண்டும், அதுவும் 1939 செப்டம்பர் 3-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில். 1941 நடுவில் சேர்ந்தவருக்கு அந்தக் கடைசித் தேதி வரை மொத்தமே நாலேகால் ஆண்டு. அதில் 3 போனால் போர்முனைக்கு மிஞ்சுவது ஓராண்டும் சில மாதங்களும். 1939–45 ஸ்டாருக்குத் தரைப்படையினர் பொதுவாக 6 மாதம் போர்முனையில் இருந்திருக்க வேண்டும், அது இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக, எண்கள் ஒத்துப்போனால் தாத்தா பர்மாவில் இருந்தது பல ஆண்டுகள் அல்ல, அதிகம் போனால் ஓராண்டும் சில மாதங்களும் என்று கணக்கு சொல்கிறது. எந்த ஆண்டு என்பதை மெடல்கள் சொல்லாது. 1942-இன் பின்வாங்கலா, 1944–45-இன் முன்னேற்றமா என்பது காகிதத்தில்தான் கிடைக்கும். இதே போல, அதே போரின் வேறு மெடல்களிலும் விதி உண்டு: டிஃபென்ஸ் மெடலும் இந்தியா சர்வீஸ் மெடலும் ஒருவருக்கே கொடுக்கப்படவில்லை, பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒருவருக்கே கிடையாது. யாராவது அப்படிச் சேர்த்து ஒரு தொகுப்பை நீட்டினால் அது பல இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்தது.

குரூப் போட்டோவில் தாத்தா எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைவிட அவருடைய தோள்பட்டையைப் பாருங்கள். கையில் ஒரு கோணப்பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதார், இரண்டு சுபேதார். கையின் மேற்பகுதியில் துணிச் சின்னம் இருந்தால் அதுதான் தங்கம். கறுப்புப் பூனை 17-ஆவது டிவிஷன், தங்க நிற அம்பு 7-ஆவது, குத்துவாள் 19-ஆவது. இவை மூன்றும் பர்மாவில் போரிட்டவை. சிவப்புக் கழுகு 4-ஆவது டிவிஷன். அது இருந்தால் கதை ஆப்பிரிக்கா, இத்தாலி பக்கம் போகும், பர்மா ஸ்டாரோடு முட்டும். மதராஸ் சாப்பர்கள் இத்தாலியிலும் இருந்தார்கள். 1944-இல் மினியானோ அருகே கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் பட்டாளத்துக்காரர்தான். போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, ஊர், தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டையில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்.

யானைச் சின்னத்தைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். யானை மதராஸ் படைகளின் பொதுச் சின்னம், சாப்பர்ஸுக்கும் உண்டு, மதராஸ் ரெஜிமெண்டுக்கும் உண்டு. பித்தளைத் தொப்பிச் சின்னங்களைப் புதிதாக அடித்து விற்பதும் பல காலமாக நடக்கிறது. பின்பக்கக் கொக்கிகளின் பற்றவைப்பு, தேய்மானம், யானையின் கண்ணும் தந்தமும் எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் கையில் வைத்துத்தான் சொல்ல முடியும். தாத்தாவின் பெட்டியிலேயே இத்தனை ஆண்டு இருந்தது என்பதே அதற்கு இப்போதைக்கு நல்ல சான்று. பெட்டியின் அடியில் தோட்டா, வெடிகுண்டின் பாகம் போல ஏதாவது கிடந்தால் மட்டும் தொடாமல், நகர்த்தாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். உயிருள்ள தோட்டாவை உரிமமின்றி வீட்டில் வைத்திருப்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பழம்பொருள்காரர் "வெறும் காகிதம்" என்று சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். ஐந்து மெடல்களைவிட அதுதான் முக்கியம். சேர்ந்த தேதி, தொழில், வெளிநாட்டுச் சேவை, உரிமையுள்ள மெடல்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் வெற்றுப் பக்கங்கள் உட்படப் படம் எடுத்துவிடுங்கள். செல்லரித்த ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பண்ணவே பண்ணாதீர்கள். பிறகு பெங்களூரில் உள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மதராஸ் சாப்பர்ஸின் வாரிசு அந்தக் குரூப்தான். (மதராஸ் ரெஜிமெண்டாக இருந்தால் நீலகிரி வெல்லிங்டனுக்கு எழுத வேண்டும்.) சேவை எண், புத்தகத்தில் உள்ளபடியே பெயரின் எழுத்துக்கூட்டல், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, அன்றைய மாவட்டம் எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்களுக்கு வேலூர் மாவட்டம், அன்றைய தாளில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். நீங்கள் வாரிசு என்பதற்கான ஆவண நகலையும் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கடிதம் எழுதித் தர உதவும். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓய்வூதியம் பெறாமல் ஏழெட்டு ஆண்டில் விலகியவர்களின் முழுக்கோப்பு இத்தனை காலம் கழித்துக் கிடைப்பது அரிது. ஒருவரிப் பதிவு ஒன்று கிடைத்தாலே அது பெரிது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் சேவையில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள், உங்கள் தாத்தா ஊர் திரும்பியவர்.

இனி விலை. இந்த ஐந்தும் போரில் பங்குபெற்றதற்காக லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை. வீரச்செயலுக்குக் கொடுத்தவை அல்ல. ஆகவே ஆயிரங்களில் பேசப்படும், லட்சங்களில் அல்ல. பிரிட்டன் கடைகளில் பெயரில்லாத 1939–45 ஸ்டார் ஒன்று பத்து இருபது பவுண்டுக்குக் கிடைக்கும் பொருள். தனித்தனியாகப் பிரித்தால் உங்களுடையவையும் அந்த மட்டத்துக்குத்தான் இறங்கும். விலையைக் கூட்டுவது நான்கு: ஐந்திலும் ஒரே எண் இருப்பது, தொகுப்பு பிரியாமல் இருப்பது, டிஸ்சார்ஜ் புத்தகமும் போட்டோவும் கூட இருப்பது, பட்டாளத்தின் எந்த கம்பெனியில் (உட்பிரிவில்) எங்கே இருந்தார் என்று காட்ட முடிவது. இந்த நான்கும் இருக்கும் தொகுப்புக்கு 3,000 ரூபாய் குறைவு. நான்கும் இல்லாமல், எழுத்தற்ற ஐந்து மெடல்கள் மட்டும் என்றால் அவர் சொன்னது அநியாயமான விலை இல்லை. வாங்கி விற்கிறவருக்குத் தன் கடைச்செலவும் லாபமும் வேண்டும். கடைசியில் விற்கும் விலையில் பாதியை அவர் உங்களுக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

விலை பார்க்கும்போது இணையத்தில் "இவ்வளவு வேண்டும்" என்று கேட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு எல்லை இல்லை. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். லண்டனில் நூனன்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் படத்தோடு வெளியிட்டு வைத்திருக்கின்றன. இந்தியப் படையினரின் இதே மாதிரித் தொகுப்பு எவ்வளவு போனது என்று அங்கே தேடலாம். ஏல விலையில் விற்பவரின் கமிஷன் கழியும், வாங்குபவர் மேற்கொண்டு கட்டணம் கட்டுவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முழுப் பேச்சும் மாறும் ஒரே சந்தர்ப்பம், பெட்டியில் ஆறாவதாக ஒன்று கிடைப்பது. ஓக் இலை விலையைக் கொஞ்சம் உயர்த்தும். ஆனால் கருநீல ரிப்பனின் நடுவே கருஞ்சிவப்புப் பட்டையோடு ஒரு வெள்ளி மெடல் இருந்து அதன் பின்னால் "ஃபார் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்" என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல். லட்சத்தைத் தொடக்கூடியது. அதை யாரிடமும் காட்டும் முன் படம் எடுத்து, பூட்டி வையுங்கள்.

சட்டம் ஒரு வரியில்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. முதல் உலகப் போர் மெடல்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன, உங்களுடையவை இன்னும் தாண்டவில்லை.

விற்றாலும் வைத்திருந்தாலும் சுத்தம் பண்ணாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பது, விபூதி போட்டுத் துடைப்பது, பிராஸோ பாலிஷ், எல்லாமே கேடு. எண்பது வருடத்தில் படிந்த பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பாளர் முதலில் பார்க்கிறார். அது போனால் கூர்மையான எழுத்தின் ஓரமும் சேர்ந்து போகும். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் இருந்தால் பெட்டிக்கு வையுங்கள், மெடலுக்கு வேண்டாம். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் உலோகத்தில் கறை நிற்கும். பச்சையாகப் பொடி கிளம்பியிருந்தால் மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெல்லத் தட்டிவிட்டு உலர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் ஆல்பம் உறைகளில் போடாதீர்கள், அவற்றில் உள்ள பிவிசி என்ற பிளாஸ்டிக் நாளடைவில் பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வேண்டாம். வெளுத்த, கஞ்சி போடாத பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடிய டப்பாவில் வைத்து, மழைக்காலத்துக்கு முன் பொட்டலத்தை மாற்றினால் போதும். அந்தப் பழைய தகரப் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் பெயரும் எழுதியிருந்தால் அதுவும் தொகுப்பில் ஒன்று.

மெடல்கள் ஒரே கம்பிச் சட்டத்தில் கோர்த்திருந்தால் வரிசையை மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் முறையில் நட்சத்திரங்கள் முதலில், பின் வார் மெடல், அதன்பின் இந்தியா சர்வீஸ் மெடல், சுதந்திர மெடல். 1950-க்குப் பின் இந்திய முறைப்படி கோர்த்திருந்தால் இந்திய மெடல் முன்னே வந்து மற்றவை பின்னே போகும். அந்த வரிசையே எப்போது கோர்த்தது என்று சொல்லும். தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருவர் வீட்டில் ஐந்தும் சேர்ந்திருப்பதே நல்லது. மற்றவர்களுக்கு விளிம்பு எழுத்து தெரியும் பெரிய படமும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும் கொடுக்கலாம். பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரிக்கும் முன் ஐந்தையும் ஒன்றாக வைத்து இரு பக்கமும் படம் எடுத்து, எந்த மெடல் யாரிடம் போகிறது என்று சேவை எண்ணோடு ஒரு தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.